கடலோரப் பாதையும் காரில் காத்திருக்கும் பெண்களும்

காயல்பட்டினத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்படும் ஒரு குடும்பம், வழியில் ஆங்காங்கே நின்று நிதானமாகச் சென்றாலும், இரவு தொடங்கும் வேளையில் நாகூரை அடைந்துவிடலாம். 350 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். கிழக்குக் கடற்கரைச் சாலை என்றவுடன் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியையே பலரும் நினைக்கின்றனர். விடுதிகளும் கேளிக்கைப் பூங்காக்களும் நிறைந்த அப்பகுதிக்கே விடுமுறை நாள்களில் நம் குடும்பங்களும் செல்கின்றன. நம் முன்னோர் கப்பல் ஏறிய துறைகள் வரிசையாக அமைந்த தெற்குப் பகுதியோ, திருமண வீட்டுக்கும் மய்யித் வீட்டுக்கும் விரைந்து கடக்கும் வழியாக மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கிறது. இது வருந்தத்தக்கது.

வடக்கு நோக்கிச் செல்லும் இப்பயணத்தில் கடல் எப்போதும் வலப்பக்கமே இருக்கும். ஆகவே குழந்தைகளைப் பின்னிருக்கையில் வலச் சன்னலோரம் அமர்த்துவது நன்று. ஆனால் வழிநெடுகக் கடல் தெரியும் என்று அவர்களுக்கு வாக்களித்துவிட வேண்டாம். பல இடங்களில் பனையும் சீமைக்கருவேலமும் உப்பளங்களும்தாம் கண்ணில் படும். ஆத்தூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் வரும் பழையகாயலில் இன்று கடலே இல்லை. அது விலகிப் போய்விட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்ற இடத்தை இன்று ஒரு சிற்றூராகக் கடந்து செல்கிறோம். வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தி இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி கடந்து கீழக்கரையை அடைகையில் வெயில் ஏறியிருக்கும். இங்கு அவசரம் கூடாது. வள்ளல் சீதக்காதி என்று தமிழுலகம் போற்றும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த இவ்வூர் ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களையும் அவற்றில் செதுக்கிய பூவேலையையும் பார்க்கும் பிள்ளை, பள்ளிவாசல் என்றால் குவிமாடமும் மினாராவும் மட்டுமே என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடும். உருவம் தவிர்த்த அத்தூண்கள் இம்மண்ணின் சிற்பிகளுடைய கலைமரபில் எழுந்தவை. 5027 பாடல்களால் ஆன சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப் புலவர் எட்டயபுரத்தார் எனினும், அவருக்கு ஆதரவு கிடைத்தது இவ்வூரில்தான். கீழக்கரைத் தொதலை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். ஆனால் தொதலோடு திரும்பிவிடவும் வேண்டாம். அருகிலுள்ள பெரியபட்டினத்தின் மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் சில்லுகளை அகழாய்வாளர் எடுத்திருக்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இராமநாதபுரத்தைத் தாண்டினால் கடலின் குணமே மாறிவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் அலைகள் பின்தங்கிவிட, பாக் நீரிணைக் கடல் குளம்போல் ஆழமின்றி அமைதியாகக் கிடக்கும். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வரலாம். அதன்பின் தொண்டி. லுஹருடைய நேரம் அங்கே வந்துவிடும். நாம் சொல்ல வந்த செய்தியும் அங்கேயே தொடங்குகிறது.

பயணிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை பெரிது. ஏறத்தாழ 80 கிலோமீட்டரைக் கடக்கும் பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்குகின்றன. இக்கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. எனவே அவர்களுக்கு வழியில் இன்னுமோர் இடம் தேவைப்படும். எப்படிப் பார்த்தாலும் பத்து நிமிடமும், உளூவுக்குத் தண்ணீரும், ஒரு விரிப்பளவு இடமும் போதும். இவ்வளவு எளிதாக்கப்பட்ட கடமையை நம் ஆண்கள் பள்ளிக்குள் சென்று நிறைவேற்றித் திரும்புகின்றனர். பெண்கள் எங்கே இருக்கின்றனர்? சாலையோரத்தில், பாதி இறக்கிய சன்னலுக்குப் பின்னால், மடியில் உறங்கும் குழந்தையோடு காருக்குள் காத்திருக்கின்றனர். "வீட்டுக்குப் போய்க் களாச் செய்துகொள்ளலாம்" என்ற சொல்லை எத்தனை தாய்மார்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கின்றனர்! தக்க காரணமின்றித் தொழுகையின் நேரத்தைத் தவறவிடுவது எத்துணைப் பாரதூரமானது என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயான்களில் கேட்கும் சமுதாயம் நாம்.

பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறப்பு என்று சிலர் இதற்கு விடை கூறுவர். அதை நாம் மறுக்கவில்லை. வீட்டில் இருப்பவளுக்கு அந்தச் சிறப்பு உண்டு. தொண்டிக்கும் மீமிசலுக்கும் இடையில் நடுப்பகலில் நிற்பவளுக்கு வீடு எங்கே? இறைவனின் அடிமைகளான பெண்களைப் பள்ளிவாசல்களுக்கு வரவிடாமல் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். வாயிலில் நின்று எவரும் தடுப்பதில்லைதான். ஆனால் உள்ளே ஓர் இடமும் வைக்காமல் கதவைத் திறந்து வைப்பதால் என்ன பயன்? பூமி முழுவதும் தொழுமிடம்தானே, கடற்கரை மணலில் தொழட்டுமே என்போரும் உண்டு. உண்மைதான். இக்கரையின் பெரும்பகுதியில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஏறக்குறையக் கிப்லாவை நோக்கியிருப்போம். ஆயினும் மீனவரும் சுற்றுலாப் பயணியரும் நடமாடும் வெளியில் உளூச் செய்து தொழ நம் பெண்களில் பலர் கூசுகின்றனர். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்பித்தவர்களும் நாமே. கற்பித்தவர்களே அதற்கேற்ற இடத்தையும் அமைத்துக் கொடுக்க வேண்டாமா?

இதற்கான முன்மாதிரியைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் பயணம் தொடங்கிய காயல்பட்டினத்தில் பெண்கள் கூடித் தொழுவதற்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. அந்தப் பேணுதல் அம்மஹல்லாவின் பெண்களுக்கு உரியதாக இருக்கிறது. சாலையில் வரும் அந்நிய ஊர்ப் பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. நெடுஞ்சாலையோரப் பள்ளிகள் சில, பயணம் செய்யும் பெண்களுக்குத் தனியறை அமைத்திருக்கின்றன. அல்லாஹ் அவற்றின் நிர்வாகிகளுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அறை இருந்தும் பூட்டிக் கிடக்கும் இடங்களும் உள்ளன. இரு தொழுகைகளுக்கு இடைப்பட்ட வேளையில் சாவி முஅத்தினிடம், முஅத்தின் தம் வீட்டில்!

புதிய கட்டடம் எழுப்புமாறு நாம் எந்த ஜமாஅத்தையும் கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் மட்டும் இயங்கும் மக்தப் மதரஸாவின் ஓர் அறை நண்பகலில் காலியாகத்தானே இருக்கிறது? உள்தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு குழாய், தூய்மையான கழிப்பறை, சுவரில் கிப்லாக் குறி, சாலையிலிருந்து தெரியுமாறு ஒரு பலகை. இவற்றுள் கழிப்பறையையே முதலாவதாக வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. அது இல்லாத காரணத்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் வயதான தாய்மார்களை நாம் அறிவோம். மினாராவை இன்னும் பத்தடி உயர்த்தத் திரட்டும் நிதியில் சிறு பங்கு இதற்குப் போதும்.

குடும்பத் தலைவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எந்த ஊரில் பிரியாணி நன்றாயிருக்கும் என்று முதல்நாள் இரவே கைபேசியில் தேடி வைக்கும் நாம், எந்த ஊரில் மனைவியும் மகளும் தாயும் தொழ இடமுண்டு என்பதைத் தேடுவதில்லை. அவ்வூரில் உறவினரோ நண்பரோ இருப்பின் ஒரு தொலைபேசி அழைப்பில் ஒரு வீடு திறக்கும். இக்கரை மக்களின் விருந்தோம்பல் அத்தகையது. அஸரைச் சேர்த்துத் தொழுதுவிட்ட குடும்பம் மாலைப் பொழுதைக் கவலையின்றிக் கழிக்கலாம்.

அந்த மாலைக்கு உரிய இடம் மல்லிப்பட்டினத்தை அடுத்த மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது; பெயரோ நம் 'மினாரா' என்ற சொல்லின் திரிபு. எதிரே விரியும் கடலில் ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுக்களுக்காக 2022ஆம் ஆண்டு தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு கண்ணுக்குத் தென்படுவது அரிது. நெகிழிப் பைகள் எளிதில் தென்படும். நம் பிள்ளைகளின் பங்கு அதில் சேராமல் பார்த்துக்கொள்வோம்.

பின்னர் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம், இறுதியில் நாகூர். தர்காக்கள் குறித்து நம்மிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை இங்கே கிளற விரும்பவில்லை. ஆயினும் நாகூரின் ஐந்து மினாராக்களுள் உயரமான, 131 அடிப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்பதை எக்கருத்துடையோரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பள்ளித் தேர்வுகள் முடிந்து வண்டிகள் புறப்பட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. காயலிலிருந்து நாகூர் வரை இச்சாலையோரத்து ஜமாஅத்துகளின் நிர்வாகிகள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் ஓர் அறையையும் ஒரு பலகையையும் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். பலகையில் சாவி வைத்திருப்பவரின் எண்ணும் இருக்கட்டும். அவர் வீட்டுப் பெண்கள் எவரேனும் அந்த எண்ணை எடுத்துப் பேசினால் இன்னும் நலம்.