மலையேறாத திட்டம்

அரசு மருத்துவ நிலையங்களுக்கான கணினித் திட்டங்களை வகுக்கும் பொறுப்பிலுள்ள உயர் அலுவலர் அவர்கள் சமூகத்திற்கு, கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக் குடியானவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.



எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் முறைப்படி எழுதி, மனுநீதி நாட்களில் வரிசையில் நின்று, 'தங்கள் மனு உரிய அலுவலரின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்னும் ஒரே வாசகத்தை வெவ்வேறு முத்திரைகளின் கீழ் வாசித்துச் சலித்த பிறகே, இதைப் பகிரங்கமாக எழுதத் துணிந்தேன். விதிமுறைகளைத் தங்களுக்கு நினைவூட்டுவது என் நோக்கமன்று. அவற்றைத் தாங்கள் நன்கறிவீர்கள். நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன், நான் கணினிக்கு விரோதியல்லன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு 2005-இல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளில் கணினி புகுந்ததையும், கர்ப்பிணிகளைப் பிரசவம் வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்ந்து கவனிக்க பிக்மி என்னும் பதிவுமுறை ஏற்பட்டதையும், 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருவதையும் நன்றியோடு நினைக்கிறவன் நான். பிக்மி எண் இல்லாவிடில் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று 2017-இல் ஆனபோதுகூட, நல்லதற்கென்றே எங்கள் ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இனி நடந்தது. எங்கள் ஆலத்தூர் நாட்டின் குக்கிராமம் ஒன்றில் ஒரு பெண் இரண்டாம் பிரசவத்திற்குக் காத்திருந்தாள். எட்டாம் மாதத்தில் அவளைப் பரிசோதித்த கிராம சுகாதார செவிலியர், பிரஷர் ஏறியிருப்பதையும் கால் வீங்கியிருப்பதையும் கண்டு, தாய் சேய் நல அட்டையில் சிவப்பு மையால் குறித்து, நாள் நெருங்குமுன் கீழே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டுமென்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் தம் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எழுதியதை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். அவ்வூரிலோ சிக்னல் கிடையாது. ஆகவே வழக்கம்போல, அவளுடைய அட்டையையும் மற்றப் பெண்களின் அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, காப்பித் தோட்டத்திற்கு மேலே சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறினார். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் கரண்டும் இல்லை. அட்டை பைக்குள்ளேயே இருந்தது.

அன்றிரவு அந்தப் பெண்ணுக்குத் தலைவலியும் வயிற்றுவலியும் ஒருங்கே கண்டன. 108-ஐ அழைப்பதற்கே ஒரு சிறுவன் டார்ச் விளக்கோடு மேடேறி ஓட வேண்டியிருந்தது. செம்மேடு வந்து, சோளக்காடு கடந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சமவெளி ஆஸ்பத்திரியை அடைந்தபோது, அங்கே கேட்ட முதல் கேள்வி, 'அட்டை எங்கே?' என்பது. கூட வந்த நாத்தனார் விழித்தாள். பெயரைக் கொண்டு கணினியில் தேடினார்கள். மூன்றாம் மாதத்துப் பதிவு இருந்தது, சிவப்பு மைக் குறிப்பு இல்லை. எத்தனை நாளாகப் பிரஷர், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று ஒன்றும் அறியாதவளிடம் ஆதியிலிருந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அட்டை கையிலிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் மருத்துவனல்லன். ஆனால் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, மையால் எழுதப்பட்டு, கணினியின் பொருட்டே தாயின் கையிலிருந்து அகற்றப்பட்டு, கணினிக்கும் போய்ச் சேராமல் ஒரு துணிப்பையில் கிடந்தது என்பதற்கு நான் சாட்சி. சிக்னல் வந்த பின் பதிவு பூர்த்தியாயிற்று. கேரளத்துக்குக் கூலிவேலைக்குப் போயிருந்த புருஷனின் போனுக்கு, மனைவியை அடுத்த பரிசோதனைக்கு அழைத்து வரும்படி குறுஞ்செய்தியும் வந்தது.

ஐயா, இது செவிலியரின் குற்றமன்று, ஆஸ்பத்திரியின் குற்றமுமன்று. திட்டம் வகுக்குமுன் தேவையை அளந்த முறையின் குற்றம் இது. உங்கள் ஆய்வுப் படிவம் எங்களிடமும் வந்தது. எத்தனை கணினி, எத்தனை பிரின்டர், எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்றெல்லாம் கேட்ட அந்தப் படிவம், செவிலியர் எங்கே நின்று பதிவு செய்கிறார், அதற்கு எவ்வளவு தூரம் நடக்கிறார், ஒரே செய்தியைப் பதிவேட்டிலும் கணினியிலும் எத்தனை முறை எழுதுகிறார் என்று கேட்கவில்லை. நிலத்தைப் பாராமல் விதையைப் பங்கிடுவது போன்றது இது.

உலகம் கண்ட பாடம் உங்களுக்குத் தெரியாததன்று. இங்கிலாந்து 2002-இல் தேசம் முழுமைக்கும் ஒரே மருத்துவக் கணினி அமைப்பு என்று தொடங்கி, கோடிக்கணக்கான பவுன்களைச் செலவழித்தபின், அதைப் பயன்படுத்த வேண்டியவர்களைச் சரிவரக் கலந்தாலோசிக்கவில்லை என்ற பழியோடு 2011-இல் கலைத்தது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கியபோது, தலைநகரின் தலைசிறந்த மருத்துவமனையே காகிதத்தையும் பேனாவையும் நம்பி நாட்களைக் கடத்திற்று. கணினி நிற்கும் நாளில் என்ன செய்வதென்று சொல்லாத திட்டம் அங்கேயே தடுமாறுமென்றால், எங்கள் நிலை என்ன?

நாங்கள் கேட்பது அதிசயமொன்றுமில்லை. தாயின் அட்டை எக்காரணத்தாலும் தாயின் கையைவிட்டு நீங்கலாகாது. சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துகொண்டு, கிடைக்கும்போது தானே அனுப்பும் கருவி செவிலியருக்கு வேண்டும். அபாயக் குறிப்பொன்று எழுதப்பட்டால், ஆன்லைன் பதிவுக்குக் காத்திராமல், பிரசவம் நடக்கவிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றே வாய்மொழியாகவாவது அது போய்ச்சேர வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. நீங்களே வாருங்கள். ஜீப்பில் வந்து செம்மேட்டோடு திரும்பாமல், அந்தத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செவிலியரோடு ஒரு முழுநாள் நடந்துவிட்டு, அதன்பின் உங்கள் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்தை எழுதுங்கள். அப்படி எழுதப்படாத எந்தத் திட்டத்தையும் மலைவாழ் மக்களுக்கானது என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை. அதன் பெயரால் ஒரு தாயிடமிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வாங்கிச் செல்லவும் உரிமையில்லை.

இங்ஙனம்,
ஆலத்தூர் நாட்டுக் குடியானவன்