கேப்டன் லட்சுமி யாருக்குச் சொந்தம்?

திருப்பூணித்துறை விடுதியறையில் சென்ற வாரம் ஒரு வழக்கு: கேப்டன் லட்சுமி தமிழரா, மலையாளியா? நண்பர்களே, 1914-இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தை தமிழர், தாய் ஆனக்கரை அம்மு. இரு கட்சிக்கும் சான்றுண்டு. ஆயினும் வழக்கே வீண் என்பேன் நான்.

1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்ற மருத்துவர் அவர். 1947-இல் மணமுடித்துக் கான்பூரில் குடியேறினார்; இரு பெண்மக்களுக்குத் தாயானார். தாய்மை வந்ததும் தொண்டு ஓய்ந்ததா? இல்லை! தொண்ணூறைக் கடந்தும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்; 2012-இல் மறைந்தார்.

அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் பின்னே துப்பாக்கி ஏந்தி நின்றவர்களிற் பெரும்பாலோர் யார்? மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தாய்நாட்டைக் கண்ணாலும் காணாதவர் பலர். பின்னாளில் தாயாகி, பாட்டியாகி மறைந்தவர் எத்தனையோ பேர். அவர்களில் ஐவர் பெயரையேனும் நம்மில் எவர் சொல்வார்?

படிப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு, பெயரறியா மனிதராய் வாழ்வதன் வலி தெரியும். சொந்தம் கொண்டாடுவதாயின் அவர்களைக் கொண்டாடுவோம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவர்களைப் பற்றியதே முதற்பேச்சாகட்டும்!