வலது கைக்கு மட்டும் மார்க்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதற்கும் இரண்டு நாளில் முடிவு வந்துவிடும். தீபாவளிக்கு யார் வீட்டில் கூடுவது, ஊருக்கு எப்போது டிக்கெட் போடுவது, யாருடைய பிள்ளையை எந்தத் துணைப்பாட வகுப்பில் சேர்ப்பது என்று எல்லாவற்றிலும் எங்களவர்கள் மகா கெட்டிக்காரர்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு விளையாட்டு வாங்கித் தரலாமா கூடாதா என்ற விவகாரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. டிவியில் வரும் ஆளைப் பார்த்து ஆடுவது, மைக்கைப் பிடித்துப் பாடுவது, பிளாஸ்டிக் கித்தாரைத் தட்டுவது என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டி மேல் ஒரு குடும்பம் மொத்தமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். குடும்பத்தோடு விளையாடலாம் என்று போட்டிருக்கும். எந்தக் குடும்பம் என்றுதான் போட்டிருக்காது.

முதலில் கொடி பிடித்தவள் என் நாத்தனார். “பசங்க கெட்டுப்போயிருவாங்க அண்ணி, அந்தப் பாட்டு வரியெல்லாம் கேட்டீங்களா?” கேட்டேன். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் சத்தத்தை வெட்டிவிட்டுத்தான் விற்கிறார்கள். சிங்கப்பூரில் 2008 ஏப்ரலிலிருந்து வீடியோ விளையாட்டுகளுக்குத் தரம் பிரிக்கும் முறையும் இருக்கிறது. முந்தைய ஆண்டு ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டைத் தடை செய்து, சில நாளில் பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும் என்ற எம்18 முத்திரை குத்தி விட்ட கலாட்டாவுக்குப் பிறகு வந்தது அது. அவ்வளவு பார்த்துப் பார்த்து முத்திரை குத்தும் ஊரில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வருகிற ஆட்ட விளையாட்டுத்தான் இவளுக்குப் பயமாக இருக்கிறது. போன வருஷம் இவள் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் இவளுடைய ஏழு வயது மகள் ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடினாள். எல்லாரும் கைதட்டினோம், படம் பிடித்தோம். அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு அவள் அர்த்தம் கேட்டிருந்தால் அங்கே இருந்த ஒருவராலும் வாய் திறந்திருக்க முடியாது. தீபாவளி நேரத்தில் கேம்பல் லேன் சந்தைக்குள் நடந்து பாருங்கள், ஒலிபெருக்கியில் என்னென்ன வருகிறதென்று. அதற்கு யார் முத்திரை குத்துவது?

மாமியாருக்கு ஆடுகிறவர்களின் உடுப்பு பிடிக்கவில்லை. திரையில் ஆடும் உருவத்துக்கு முகமே இல்லை. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, உடம்பு முழுக்க ஊதாவும் பச்சையும். “அதுக்கு மூஞ்சியே இல்லையே அத்தை” என்றேன். “அதனாலதான் வெக்கமும் இல்ல” என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மகளின் பாட்டு டீச்சருக்கு இந்த விளையாட்டுகள் தாளத்தைக் கெடுக்கும் என்று அபிப்பிராயம். இதை மட்டும் நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். ‘கித்தார் ஹீரோ’ 2005இல் வந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கழுத்தில் ஐந்து பட்டன், தட்டுவதற்கு ஒரு பட்டை, அவ்வளவுதான் அந்தக் கித்தார். அதை வாசித்தால் கித்தார் வராது. வரும் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆனால் டீச்சருக்கே தெரியாத ஒரு விஷயம் அவர் பக்கம் பேசுகிறது. இப்போதைய டிவிகளில் படமும் ஒலியும் ஓர் இமைப்பொழுது பிந்தி வரும். விளையாட்டின் அமைப்புக்குள் போய் அந்தத் தாமதத்தை அளந்து சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தாளத்தில் சரியாக அடித்தவனுக்குத் தப்பு விழும். தாளம் பிசகியவனுக்குச் சபாஷ் கிடைக்கும். எத்தனை வீட்டில் அதைச் சரி செய்கிறார்கள்? எங்கள் வீட்டுக் கித்தார் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றில் பிடித்து, செங்காங்கிலிருந்து புக்கிட் பாத்தோக் வரை போய் வாங்கி வந்தால், விளையாட்டுக் கான்சோலில் செருக வேண்டிய சின்ன ரிசீவர் இல்லை. அது இல்லாமல் அந்தக் கித்தார் வெறும் பிளாஸ்டிக். இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிக்கும் நடுவில் நிற்கிறது.

அடுத்து சத்தமும் உடற்பயிற்சியும். இந்த இரண்டு கட்சிக்கும் நடக்கும் சண்டையில்தான் எனக்குத் தலைவலி அதிகம். “போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது மேல், வேர்க்க வேர்க்க ஆடுதுங்க” என்பது கொழுந்தன் கட்சி. “கீழ் வீட்டுலேர்ந்து ஏறி வருவாங்க” என்பது என் கணவர் கட்சி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வீட்டுத் தரை இன்னொருவர் வீட்டுக் கூரை. இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பது வீவக காலங்காலமாகச் சொல்லிவந்தது. அக்கம்பக்கத்துச் சச்சரவுக்கென்றே 2015இல் தனித் தீர்ப்பாயம் அமைத்த ஊர் இது. மேல்மாடிக் குதியாட்டத்துக்காகத் தீர்ப்பாயப் படியேறும் நிலை நமக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் இரண்டு கட்சியும் அந்த விளையாட்டை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது. ‘ஜஸ்ட் டான்ஸ்’ 2009இல் நின்டெண்டோ வீயில் வந்த நாளிலிருந்து, கேமரா இல்லாமல் ஆடும்போது, கையில் பிடித்திருக்கும் கருவியைத்தான் கவனிக்கிறது. வலது கையில் ரிமோட்டோ போனோ இருக்கும், அந்தக் கை போகிற போக்குக்கு மார்க். கால் எங்கே இருக்கிறது, இடுப்பு ஆடியதா, ஆள் நிற்கிறாளா கிடக்கிறாளா என்று அதற்குத் தெரியாது. என் மகள் சோபாவை நகர்த்தி, மேசையைச் சுவரோரம் தள்ளி, நாலறை வீட்டு ஹாலில் குதிகுதியென்று குதித்து மூச்சு வாங்கினாள். என் மகன் சோபாவில் சாய்ந்தபடி, இடது கையில் முறுக்குத் தின்றுகொண்டே வலது கையை மட்டும் வீசினான். அவனுக்குத்தான் மார்க் அதிகம். மகள் அழுதாள். கீழ் வீட்டுக்குப் பயந்தவர் பயப்பட வேண்டியதில்லை, உடற்பயிற்சி என்று மகிழ்ந்தவர் மகிழ வேண்டியதில்லை. இதைக் குழுவில் எழுதினேன். கொழுந்தன் கட்டைவிரல் போட்டான், சண்டை மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதிலெல்லாம் யாரும் வாயே திறக்காத ஒன்று இருக்கிறது. பெட்டியில் போட்ட அந்தக் குடும்பத்தில் பாட்டி உண்டு. எங்கள் வீட்டிலும் பாட்டி உண்டு. பாட்டிக்கு அதில் ஒரு பாட்டும் தெரியாது. இருநூறு பாட்டு இருந்தாலும் இரண்டாயிரம் இருந்தாலும் அவர் சோபா ஓரத்தில் உட்கார்ந்து மூஞ்சியில்லாத பெண்ணைத் திட்டிக்கொண்டிருப்பார், வேறென்ன செய்வார்? எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பதிப்பிலும் ஒரு தமிழ்ப் பாட்டு இல்லை. கேட்டால் கொழுந்தன் உடனே சொல்வான்: “ரஹ்மான் இருந்தாரே அண்ணி!” இருந்தார். 2010இல் வந்த ‘ஜஸ்ட் டான்ஸ்’ இரண்டாம் பதிப்பில் ‘ஜெய் ஹோ’ இருந்தது. சென்னைக்காரர் போட்ட இந்திப் பாட்டின் ஆங்கில வடிவம். சோனியின் ‘சிங்ஸ்டார்’ பாட்டு விளையாட்டு 2007இல் பாலிவுட் பதிப்பு போட்டது. அதன் இணையக் கடையையும் 2020 ஜனவரியோடு மூடிவிட்டார்கள். கொரியாவின் ‘கங்னம் ஸ்டைல்’ வந்து ஆடிவிட்டுப் போனது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் ‘ஜஸ்ட் டான்ஸ்’ தனிப் பதிப்பே கண்டது. எம்ஆர்டி நிலையப் பலகையில் நிற்கும் தமிழ் எழுத்துக்கு மட்டும் தனிப் பதிப்பு கிடையாது.

தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பேரன் விளையாட்டுக் கூடத்துக்குப் போனான். அங்கே ‘தைக்கோ நோ தாட்சுஜின்’ என்ற ஜப்பானிய முரசு விளையாட்டு. நாம்கோ நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. பெரிய முரசு, இரண்டு கோல். சிவப்புப் புள்ளி வந்தால் நடுத்தோலில், நீலப் புள்ளி வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும். அப்பா பல ஆண்டு பஜனைக் குழுவில் டோலக் வாசித்தவர். கோலை வாங்கினார், புள்ளியைப் பார்க்காமல் காதால் பிடித்து அடித்தார். பாதிப் பாட்டில் கை பழகிவிட்டது. முடிந்ததும் பட்டியலை நகர்த்தச் சொன்னார். கார்ட்டூன் பாட்டு, ஜப்பான் பாட்டு, மறுபடி கார்ட்டூன் பாட்டு. “எம்எஸ்வி இருக்கான்னு பாருய்யா.” பேரன் கடைசி வரை நகர்த்தினான். “இல்ல தாத்தா.” அப்பா கோலை அதன் தொட்டியில் வைத்துவிட்டு கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

தமிழ்ப் பாட்டு வராததற்குக் காரணம் இல்லாமல் இல்லை, தெரிகிறது. கித்தார் ஹீரோ மாதிரி விளையாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிப் பதிவாக வேண்டும். வாசிப்பவன் தவறினால் கித்தார் மட்டும் மௌனமாக வேண்டுமே. எம்எஸ்வி காலத்தில் பாடகரும் இசைக்குழுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிந்தார்கள், அதில் எந்த வாத்தியத்தைத் தனியே உருவுவது? அப்புறம் உரிமை. இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, ஒலிநாடா கம்பெனிக்கா என்று நம் பாட்டுகளின் சொத்துத் தகராறு ஊரறிந்தது. தாம் இசையமைத்த பாட்டுகளை மேடையில் பாடியதற்காக எஸ்பிபிக்கே இளையராஜா தரப்பிலிருந்து 2017இல் வக்கீல் நோட்டீஸ் போனது. அதைப் படித்த எந்த வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிக்காரன் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பான்?

சரி, ஆனால் ஆட்டத்துக்கும் முரசுக்கும் வாத்தியத்தைப் பிரிக்கவே வேண்டாமே. முழுப் பாட்டு ஒன்று, அதன் தாளத்துக்கு ஒரு கட்டம், போதும். இக்கட்டான பழைய பாட்டுக்கும் போக வேண்டாம். ‘ரவுடி பேபி’ இருக்கிறது. பிரபுதேவா அமைத்த ஆட்டம், 2020 நவம்பரில் யூடியூபில் நூறு கோடி பார்வையைத் தாண்டிய பாட்டு. இங்கே எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் அதன் அடவு ஒவ்வொன்றையும் ஆடிக்காட்டும். பாட்டிக்கும் தெரியும், கூச்சத்தில் ஆட மாட்டார், வலது கையை மட்டும் ஆட்டுவார். அதுதான் போதுமே!

உரிமை பேசித் தீர்க்க முடியாதென்றால் போனில் பாடும் செயலியான ‘ஸ்மூல்’ எப்படித் தீர்த்தது? என் சின்னம்மா இரவு பதினொன்றுக்கு, காதில் ஹெட்செட்டோடு, மதுரையில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து தமிழ் டூயட் பாடுகிறார். கீழ் வீட்டுக்குக் கேட்பதில்லை, யாரும் கெட்டுப்போகவுமில்லை. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் எரிச்சல், அது வேறு விஷயம். ஆனால் அதிலும் குடும்பம் இல்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அறை.

ஏப்ரல் வந்தால் இங்கே தமிழ் மொழி விழா நடக்கிறது. மேடைப் பேச்சு உண்டு, போட்டி உண்டு. பிள்ளைகள் தமிழில் எதையும் ரசிப்பதில்லை என்ற கவலையும் தவறாமல் உண்டு. அந்தக் கவலைப்படுகிறவர்களில் ஒருவராவது, நிரல் எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் நாலு பேரைப் பிடித்து, உரிமையை முறையாக வாங்கி, பத்தே பத்துத் தமிழ்ப் பாட்டைப் போட்டு ஒரு முரசோ ஆட்டமோ செய்து கொடுக்கட்டும். அதன் பிறகு ஆபாசமா, சத்தமா, தாளம் கெடுமா என்று நாத்தனாரும் கொழுந்தனும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். நான் குழுவை மியூட்டில் போட்டுவிட்டு அப்பாவுக்கு இரண்டு கோல் வாங்கப் போகிறேன்.