நகரத்துக் குழாயும் மலையகத்துப் பீலியும்

நகரங்களின் நீர்வளத்தை வருங்காலத்தில் எவ்வாறு பேணுவது என்பது பற்றி இன்று பேசாத மேடை இல்லை. மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மீட்பு, கசிவைக் கண்டறியும் கருவி, நீருக்கு ‘உரிய’ விலை என்று அறிஞர் பெருமக்கள் அடுக்கிக்கொண்டே போகின்றனர். இவற்றிற் பலவும் வேண்டியவையே, மறுப்பார் யார்? ஆயின் இவர்களுடைய ஆராய்ச்சி எப்பொழுதும் குழாய் வாயிலேயே தொடங்குகின்றது. அக்குழாய்க்குள் நீர் எந்த மலையிலிருந்து இறங்கிற்று, அம்மலையில் வாழ்வோர் யாவர், அவர்கள் எந்த நீரைக் குடிக்கின்றனர் என்ற கேள்விகளுக்குக் கருத்தரங்கின் நிகழ்ச்சிநிரலில் இடமில்லை. மலையை மறந்து தீட்டப்படும் எந்த நகர நீர்த்திட்டமும் நிலைக்காது என்பதே எமது கட்சி.

ஊவா மலைகளை எடுத்துக்கொள்வோம். கொஸ்லந்தைக்கு அருகே தியலும அருவியாய் வீழும் பூனாகலை ஓயா, கிரிந்தி ஓயாவிற் கலந்து தெற்கே லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றது. அது போதாதென்று, மகாவலியை நாடிப் பாய்ந்த உமா ஓயாவையும் மறித்து, மலையைக் குடைந்து தெற்கே திருப்பினர். ஆண்டுக்குச் சுமார் 14.5 கோடி கன மீற்றர் நீர், 120 மெகாவாற் மின்சாரம், அம்பாந்தோட்டையின் வயலுக்கும் வீட்டுக்கும் கைத்தொழிலுக்கும் வாழ்வு என்று கணக்குச் சொல்லப்பட்டது. 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி வந்து விழா எடுத்துத் திறந்துவைத்தார்.

விழாவுக்கு முன் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. 2014 டிசம்பரில் சுரங்கம் மலையின் வயிற்றிலிருந்த ஊற்றுகளை உடைத்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மீண்டும் கசிவு. மக்கள் வீதிக்கு இறங்கிக் கேட்டனர். தெற்கின் உழவரோடு எமக்குப் பகை எதுவுமில்லை. வரண்ட நிலத்துக்கு நீர் வேண்டும். ஆனால் தொலைவிலிருக்கும் ஊருக்கு நீர் கொண்டுசெல்லப் புறப்பட்டு, பக்கத்திலிருக்கும் ஊரின் கிணற்றை வற்றச் செய்த திறமைக்கு ‘நீர் முகாமைத்துவம்’ என்று பெயரிடுவதைத்தான் எம்மாற் பொறுக்க இயலவில்லை.

அச்சுரங்கக் கசிவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2014 ஒக்டோபர் 29 காலை, அதே பதுளை மாவட்டத்தில் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயன்களை விழுங்கிற்று. அங்கும் நீர்தான் கதை. முன்னொரு காலத்திற் சரிந்து படிந்த மண், அதன்மேல் லயன், அடைமழை நீர் வடிய வழியின்றி உள்ளே இறங்கி ஊறிற்று. தேயிலை மலையிற் கான் வெட்டுவது அழகுக்காக அன்று. மழைநீரை மண்ணுக்குள் தேங்கவிடாது வெளியேற்றும் வடிகால் அது. முன்னோர் வெட்டிய கான்கள் இன்று எத்தனை தோட்டங்களிற் தூர்ந்து கிடக்கின்றன என்பதை மலையேறிப் பார்ப்பவர் எவரும் அறிவர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே, “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்று கைகழுவினர் சில கனவான்கள். எங்கே போவது, ஐயா? லயன் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். காம்பிராவை விட்டால் வேலையும் போயிற்று. ஒன்றரை நூற்றாண்டு உழைத்தவனுக்கு ஒரு பேர்ச் நிலம் தன் பெயரில் இல்லை. காகிதத்தில் எழுதிய எச்சரிக்கை போக்கிடம் ஆகுமா? தப்பியோர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிற் தங்கி, 2016இலேயே புதிய வீடுகளைக் கண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கொடிய இழப்பைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. பதினோராண்டில் நாம் கற்ற பாடம் இவ்வளவே.

இவ்வளவு நீர் பொழியும் மலையில், எம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் பீலிக்கரையில் வரிசை நின்று குடம் நிரப்பிக் கொடுத்த பின்னரே பாடசாலைக்கு வருகின்றனர். அவர்களுக்குத்தான் நாம் வான்சிறப்பு அதிகாரத்தை மனனம் செய்விக்கிறோம்! இது இயற்கையின் வஞ்சனையன்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. வாக்குக் கேட்க வந்த உறுப்பினர், வென்றபின் ஒரு குழாய் போட்டுத்தரச் சட்டத்தில் இடமில்லை என்றார். அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இற்றான் நிறைவேறிற்று. முப்பத்தோராண்டு! அதன் பின்னரும் சபைகளிடம் பணமில்லை என்ற பாட்டுத்தான் கேட்கிறது.

வெள்ளைக்காரன் கொழும்புக்கு நீர் தர லபுகமவில் நீர்த்தேக்கம் கட்டியபொழுது, அதன் நீரேந்து காட்டைக் கண்ணைப்போற் காத்தான். அதே ஆட்சி ஊவாவின் காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டது. காடு நீரைக் காக்கும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. தலைநகருக்கு வேண்டிய அறிவு கூலிகள் வாழும் மலைக்கு வேண்டியதில்லை என்று கருதினான். சுதேச ஆட்சியும் அக்கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முதலாளித்துவத்தின் கோட்டையான நியூயோர்க் நகரங்கூட 1997இல் வேறொரு கணக்குப் போட்டது. பெருஞ்செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதினும், தன் நீர் பிறக்கும் கற்ஸ்கில் மலைப்பகுதி மக்களுக்குப் பணங்கொடுத்து நீரேந்து நிலத்தைக் காப்பது மலிவு எனக் கண்டு, அவர்களோடு உடன்பாடு செய்தது. அது கருணையன்று, இலாபக் கணக்கு. அந்தக் கணக்குக்கூட எம் ஆட்சியாளருக்கு வரவில்லை.

எனவே நகரத்தார் செலுத்தும் நீர்க்கட்டணத்தில் ஒரு பங்கு நீரேந்து மலைகளுக்குத் திரும்ப வேண்டும்; அதைக்கொண்டு கான்களைத் தூர்வாரும் தொழிலாளிக்கு முழு நாட்சம்பளம் கொடுக்கவேண்டும். தோட்டக் குடிநீரைத் துரைமாரின் தயவிலிருந்து மீட்டுத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பாக்க வேண்டும். சரிவில் உள்ள குடும்பத்தை இறங்கச் சொல்லும் கடிதத்தோடு, இறங்கிச் சென்று குடியேற நிலத்தின் உறுதிப்பத்திரமும் அதே உறையில் வரவேண்டும். அடுத்த கருத்தரங்குக்கு அழைக்கப்படும் ஆசிரியரும் மாணவரும் முதலில் எழுந்து, தோட்டத்துப் பீலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்கட்டும்.