பக்கத்து சீட்டுக்காரரை எழுப்புங்கள்!

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மாள் வந்தார். வயது அறுபத்திரண்டு. அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஊர் திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "கால் வீங்கியிருக்கு டாக்டர். ஒரு கஷாயம் குடுங்க, சரியாப் போயிடும்" என்றார்.

நீண்ட விமானப் பயணத்தில் இரண்டு பாதமும் லேசாக வீங்குவது சகஜம். ஓரிரு நாளில் வடிந்துவிடும். இந்த அம்மாளுக்கோ இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாக இருந்தது. தொட்டால் வலி. நான் கஷாயம் கொடுக்கவில்லை. அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது! அது நகர்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... இந்த இடத்தில் தைலம் தேய்த்து உருவி விடுவது பெரிய தப்பு.

"பிளேன்ல எத்தனை தடவை எழுந்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஒரே தடவைதான். எனக்கு ஜன்னலோர சீட்டு. பக்கத்துல ரெண்டு ஆம்பளைங்க அசந்து தூங்கறாங்க. எப்படி எழுப்பறது? அதனால தண்ணியே குடிக்கலை டாக்டர்."

நம் வீட்டுப் பெண்களைக் கெடுப்பது இந்தக் கூச்சம்தான்!

பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது சித்த மருத்துவம். பாளையங்கோட்டையில் நான் படித்த முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. தாகமும் சிறுநீரும் அந்தப் பட்டியலில் உண்டு. எகானமி வகுப்பில் போகிற நம்மவர்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில் அடக்கிவிடுகிறார்கள். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக ஏறக்குறைய 16 மணி நேரம். ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை பெரும்பாலும் 30 முதல் 32 அங்குலம்தான். முழங்காலை மடக்கியபடியே கிடந்தால் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறுவது எப்படி? கெண்டைச்சதை அசைந்தால்தானே அது பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும்!

குற்றம் விமானத்தின் மீது மட்டும் இல்லை. 1940-ல் லண்டனில் குண்டு வீச்சுக்குப் பயந்து, பாதுகாப்பு அறைகளில் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் இதே மாதிரி நுரையீரல் அடைப்பில் இறந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்கிற கணக்குதான். ஆனால் முன்பே ரத்தம் கட்டியவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்காரர்கள், கர்ப்பிணிகள், உடல் பருத்தவர்கள் ஆகியோர் கிளம்புமுன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். காலை இறுக்கும் பிரத்தியேக சாக்ஸோ, மாத்திரையோ தேவையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள். தூக்க மாத்திரையும் கூடாது. கட்டை மாதிரி கிடக்க அதுவே வழி!

எனக்குக் கோபமெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் மீதுதான். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட அம்மா வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் எது மலிவு என்று பார்க்கிறார்கள். நடைவழி ஓரத்து சீட்டுக்குக் கூடுதல் பணம் கேட்டால்தான் என்ன, கட்டுங்களேன்! நடுவில் இறங்கி ஓரிரண்டு மணி நேரம் நடக்கிற மாதிரி டிக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போதும் அம்மாவை வீல்சேரில் வைத்தே தள்ளிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். நடக்க முடிந்தவர் நடக்கட்டும்.

பயணம் போகிறவர்களே, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். மணிக்கொரு தடவை குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குங்கள், விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். பாத்ரூமுக்கு எழுந்திருக்க யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அந்த அம்மாள் இப்போது ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று வந்து, "இதோட பூண்டு லேகியமும் சாப்பிடலாமா?" என்றார். கூடாது என்றேன். அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். பிறகு மெல்ல, "அடுத்த வருஷம் பையன் கனடாவுக்குக் கூப்பிடறான். ஓரத்து சீட்டு போடுடான்னு சொல்லிட்டேன்" என்றார்.