கோச் போனால் முன்னேற்றம், பெடியன் போனால் துரோகமா?

ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் முடிந்தால் போதும், டோர்செட் பார்க்கில் அதே கதை தொடங்கிவிடும். "இவனும் போர்ட்டலில பேரைப் போட்டிட்டானாம். இந்தக் காலத்துப் பெடியளுக்கு விசுவாசம் எண்டு ஒண்டு இல்லை." சின்னப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் விளையாடிப் பெயரெடுத்தவன் பெரிய இடத்துக்குப் போனால் உடனே ஒரு பட்டம் கிடைக்கும்: துரோகி.

அந்தச் சொல்லை மலிவாகப் பாவித்து எங்கள் சமூகம் என்ன விலை கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனுக்கு அதைச் சூட்ட முதல், யார் முதலில் போனது என்று பார்ப்போம்.

2025 ஏப்ரல் 7ஆம் தேதி, ஹூஸ்டனை 65-63 என்று வென்று புளொரிடா சம்பியனானது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் வால்டர் கிளேட்டன். அவர் அதற்கு முதல் இரண்டு வருடம் நியூயோர்க்கிலுள்ள அயோனா என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2023 மார்ச்சில் அயோனாவின் கோச் ரிக் பிட்டீனோ செயின்ட் ஜோன்ஸுக்குப் போனார். கிளேட்டன் போனது அதற்குப் பிறகு.

அதே அணியில் இன்னொருவர் அலைஜா மார்ட்டின். இவரை எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், 2025 டிராப்டில் 39ஆவதாக ராப்டர்ஸ் எடுத்தது இவரைத்தான். புளொரிடா அட்லாண்டிக் என்ற, பலரும் கேள்விப்பட்டிராத அணியை 2023இல் கடைசி நான்குக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவர். அப்போதே பெரிய இடத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவரும் அணியில் பெரும்பாலானோரும் இன்னொரு வருடம் அங்கேயே நின்றார்கள். 2024 மார்ச்சில் கோச் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போனார். பிறகுதான் மார்ட்டினும் மூட்டை கட்டினார். இவர்கள் போய்ச் சேர்ந்த புளொரிடாவின் கோச் டொட் கோல்டன்கூட, 2022இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்தவர்தான்.

இந்த மூன்று கோச்மாரையும் துரோகி என்று யாராவது சொன்னார்களா? "நல்ல இடம் கிடைச்சிருக்கு, போகத்தானே வேணும்" என்றார்கள். சரி, போகட்டும். ஆனால் அந்த நியாயம் பெடியனுக்கும் பொருந்த வேண்டும். முந்தி பொருந்தவில்லை. 2021 வரை, பல்கலைக்கழகம் மாறும் கூடைப்பந்து வீரன் பொதுவாக ஒரு வருடம் வாங்கில் குந்தியிருக்க வேண்டும். கோச் மாறினால் அடுத்த சீசனே வேலை. 2021இல் ஒரு தடவை தண்டனையில்லாமல் மாறலாம் என்று என்சிஏஏ விதியை மாற்றியது. 2024இல், நீதிமன்றம் தலையிட்ட பிறகு, படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் என்றானது. ஒழுக்கம் கெட்டதால் இந்தச் சுதந்திரம் வரவில்லை. பெரியவர்களுக்கு எப்போதும் இருந்த உரிமை பெடியங்களுக்கும் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களையே பாருங்கள். கென்னடி வீதி அடுக்குமாடியில் தொடங்கி, மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ வீடு வாங்கிப் போன குடும்பங்களை என்ன சொன்னோம்? "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திட்டினம்" என்றோம். வீடு குடிபூரலுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டும் வந்தோம். அதே ஆட்கள் ஒரு விளையாட்டு வீரனிடம் மட்டும் எந்த முகத்தோடு விசுவாசம் கேட்கிறோம்?

"பிரெட் வான்வ்லீட் விச்சிட்டா ஸ்டேட்டில் நாலு வருஷம் நிண்டு படிச்சவர்தானே" என்பார்கள். உண்மை. 2019இல் ராப்டர்ஸ் கிண்ணம் எடுக்க உதவியவர் அவர். ரொறன்ரோவில் வளர்ந்த ஸாக் ஈடியும் பர்டூவில் நாலு வருடம் நின்றார். 2023, 2024 இரண்டிலும் நாட்டின் சிறந்த வீரர் அவரே. ஆனால் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். அந்த நாலு வருடமும் வான்வ்லீட்டின் கோச் மாறவில்லை. ஈடியின் கோச் மாட் பெய்ன்டர் 2005இலிருந்து பர்டூவில் இருக்கிறார். கோச் நின்றார், பெடியனும் நின்றான். விசுவாசம் இரண்டு பக்கமும் இருந்தால் அது தானாக வரும்.

சின்னப் பல்கலைக்கழகங்களுக்கு நட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் கண்டுகொள்ளாத பெடியனை எடுத்து, பழக்கி, ஆளாக்கி விடுகிறார்கள். பெரிய இடம் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. இது அநியாயம்தான். அதற்கான கணக்கைப் பெடியனிடம் கேட்பதுதான் பிழை. பெரிய இடத்துக் கோச்சைத் தூக்கும்போது, ஒப்பந்தத்தை முறிப்பதற்கான காசைப் பெரும்பாலும் புதிய பல்கலைக்கழகமே பழையதற்குக் கட்டுகிறது. உதைபந்தாட்டத்தில் ஒப்பந்தக் காலத்தில் வீரன் கைமாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வரை பழக்கிய கழகங்களுக்குப் போக வேண்டும் என்பது பீஃபா விதி. கல்லூரிக் கூடைப்பந்திலும் அப்படி ஒன்று வேண்டும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு 2025-26 பருவத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை கொடுக்கலாம் என்றானது. அவ்வளவு காசு வைத்திருப்பவர்கள் அயோனாவுக்கும் கொஞ்சம் கட்டட்டும். ஆனால் கட்டும்வரை பெடியன் ஆட முடியாது என்று அவனைப் பிணை வைக்கக் கூடாது.

போக யோசிக்கிற தம்பி, தங்கச்சிக்கு ஒரு சொல். போகும் உரிமை உனக்கு இருக்கிறது என்பதற்காகப் போவதெல்லாம் புத்தி ஆகாது. உன் இடத்தில் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் ஆடுகிறார்கள், படித்த பாடங்களில் எத்தனையை ஏற்றுக்கொள்வார்கள், கோச் போய்விட்டால் உதவிப்பணம் என்னாகும், எல்லாவற்றையும் எழுத்தில் கேள். கனடாப் பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு: மாணவர் விசாவில் வேலைக்குக் கட்டுப்பாடு இருப்பதால், விளம்பரக் காசு அமெரிக்கப் பிள்ளைக்குப் போல உனக்கு லேசில் வராது. ஈடிக்கே அந்தத் தடை இருந்தது. குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதே.

மற்றவர்களுக்கு: அடுத்த ஏப்ரலில் யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: "அவன்ர கோச் இப்ப எங்க?"