நண்பகலில் ஓர் ஓட்டம்

ஒரு தேசத்தின் சரித்திரத்தைக் கற்போர் அது வென்ற போர்களை மட்டும் அறிந்தாற் போதாது. அது கொடுத்த வாக்குகள் என்னவாயின என்பதையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்காவின் எல்லைப்புறமாய் விளங்கிய ஒக்லஹோமாவை இவ்வாரம் அவ்வகையில் நோக்குவோம்.

மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே வாழ்ந்த ஆதிக்குடிகளை மேற்கே அனுப்புதற்கான சட்டத்தில் ஜனாதிபதி அன்ட்றூ ஜாக்சன் 1830இற் கையொப்பமிட்டார். அக்குடிகளுள் ஒருவரான செரோக்கி மக்கள் கல்வியிற் பின்னின்றவர் அல்லர். செக்குவோயா என்பார் 1821ஆம் ஆண்டளவில் அவர்தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். நம் உயிர்மெய் எழுத்துப்போல ஓரெழுத்து ஓரசையைக் குறிக்கும் முறை அது. 1828இற் பத்திரிகையும் நடத்தினர். ஆயினும் 1838இற் படையினர் அவர்களை இல்லங்களினின்றும் வெளியேற்றினர். ஏறத்தாழ 16,000 பேருள் சுமார் 4,000 பேர் குளிராலும் நோயாலும் மடிந்தனர் என்பர். 'கண்ணீர்த் தடம்' என அப்பயணம் பெயர் பெற்றது.

சென்றடைந்த நிலம் நிலையான இருப்பிடமாகும் என அரசு உறுதியளித்திருந்தது. உள்நாட்டுப் போரின் பின், 1866இல், கிரீக், செமினோல் குடிகள் நிலத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதில் ஏறக்குறைய 20 இலட்சம் ஏக்கர், 1889 ஏப்ரல் 22ஆம் நாள் நண்பகலிற் குடியேறுவோருக்குத் திறக்கப்பட்டது. குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் சுமார் 50,000 பேர், தலைக்கு 160 ஏக்கரை நாடி ஓடினர். காலையிற் பெரும்பாலும் வெறுவெளியாய்க் கிடந்த கத்ரியில் மாலைக்குள் 10,000 பேரளவிற் கூடாரமடித்தனர். குறித்த வேளைக்கு முன்னரே களவாய் நுழைந்தோரைச் 'சூனர்' என இகழ்ந்தனர். விந்தை யாதெனில், பிற்காலத்தில் அவ்விகழ்ச்சிச் சொல்லே மாநிலத்தின் செல்லப்பெயர் ஆயிற்று!

1907இல் ஒக்லஹோமா 46ஆவது மாநிலமாயிற்று. சொக்ரோ மொழியில் அப்பெயர் 'செம்மக்கள்' எனப் பொருள்படும். நிலம் இழந்தோரின் பெயர் நிலத்தில் நிலைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2020இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கிரீக் மக்களுக்கென ஒதுக்கிய பிரதேசத்தைக் காங்கிரஸ் ஒருபோதும் சட்டத்தாற் கலைக்கவில்லை. ஆதலின் பாரிய குற்றங்களை விசாரிக்கும் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் அவர்தம் பிரதேசமே எனத் தீர்ப்பளித்தது. தனியாரின் காணியுரிமை இதனால் மாறவில்லை. எனினும், வாக்கைப் பன்முறை மீறியதனாலேயே அவ்வாக்கு அழிந்துவிடாது என்பது நிறுவப்பட்டது. பழைய ஒப்பந்தங்களை உறங்கும் ஏடுகளெனக் கருதும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.